படுகளத்தில் கிடந்தவனுக்கு

என் கையால் வருஷா வருஷம் செத்துவிட்டு, அதே சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்த ஆறுமுகம் மச்சானுக்கு,

படுகளம் முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஆட்டோவை எடுத்தால் கேளம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் அங்கங்கே நிறுத்தி இறங்கி நிற்கிறேன். வண்டியில் இருக்கிறவர்கள், இன்னாண்ணே, வண்டி மக்கர் பண்ணுதா என்று கேட்கிறார்கள். வண்டிக்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான்.

வீட்டில் இருந்தால் வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறேன். யாரிடமாவது பேசித் தொலை என்கிறாள் என் பெண்டாட்டி. யாரிடம் பேச? இந்த மாதிரி விஷயம் எல்லாம் நான் பேசுகிற ஆள் நீ ஒருத்தன்தானே. அதனால் எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையே நடுநடுவில் சொல்ல வேண்டியிருக்கும். கோபித்துக்கொள்ளாதே.

நீ தை மாசம் போனாய். மீனை இறக்கிக் கொடுத்துவிட்டு போட்டை மணலில் ஏற்றும்போது, நெஞ்சு எரியுது, ஒரு சோடா வாங்கியாங்கடா என்று சொல்லிவிட்டு போட்டு நிழலில் சாய்ந்தாயாம். சோடா வந்தபோது நீ இல்லை. நான் அப்போது கேளம்பாக்கத்தில் ஐடி கம்பெனிக்குப் போகிற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். போன் வந்ததும் அவர்களை ரோட்டோரமாக இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினேன். ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்கும்.

அன்றைக்குச் செல்வி சொன்ன வார்த்தையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். என் தங்கச்சி, உன் பெண்டாட்டி. ஆனால் நம் கூத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவள் சொன்னது படிக்கிறவர்களுக்கு விளங்காது.

வைகாசியில் நம் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் கொடி ஏறும். மத்தியானம் கோயில் பந்தலில் பாரதம் படிப்பார்கள். பகலில் படித்த கதையை ராத்திரி நாம் வேஷம் கட்டி ஆடுவோம். தெருவில் ஆடுவதால் தெருக்கூத்து. நம் கூத்து மேடையில் பிறந்தது இல்லை, அம்மனுக்கு நேர்ந்துகொண்டதில் பிறந்தது. காப்புக் கட்டிய நாளிலிருந்து நீ கடலுக்குப் போகமாட்டாய், கவுச்சி தொடமாட்டாய், வீட்டில் பாய் போட்டுப் படுக்கமாட்டாய்.

கடைசி நாள் காலையில் படுகளம். கோயிலுக்கு எதிரே உள்ள வெளியில் மண்ணைக் குழைத்து, மல்லாந்து கிடக்கிற துரியோதனனைச் செய்து வைப்பார்கள். தலைக்கும் காலுக்கும் நடந்து போகலாம், அவ்வளவு பெரிய உடம்பு. தொடைக்குள் குங்குமத் தண்ணீர்ப் பானை புதைத்திருக்கும். அந்த மண் உடம்பின் மேல் ஏறி துரியோதனனும் பீமனும் சண்டை போடுவார்கள். நீ துரியோதனன், நான் பீமன். நான் கதாயுதத்தால் மண் தொடையை உடைப்பேன். சிவப்புத் தண்ணீர் பீறிடும். நீ அதன் மேல் விழுவாய். அம்மன் அந்த ரத்தம் தொட்டுத் தன் விரித்த கூந்தலை முடிந்துகொள்வாள். கூந்தல் முடிந்தால்தான் சாயங்காலம் தீமிதி. முடியாவிட்டால் ஊரில் யாருக்கும் சோறு இறங்காது.

நீ விழுந்த பிறகு நடப்பதுதான் செல்விக்கு ஆகாதது. துரியோதனன் பெண்டாட்டி பெருந்திருவாள் வேஷக்காரர் வந்து உன் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார். ஊர்ப் பெண்கள் சுற்றி நின்று மாரடித்து அழுவார்கள். போன வருஷம் செத்த மாமியார், குழந்தையில் போன பிள்ளை, கடலோடு போன தம்பி, எல்லாரையும் உன் பேரில் அழுது தீர்ப்பார்கள். நீ கண்ணை மூடிக் கிடப்பாய். 'இவன் சாவணும்னு ஊரே காத்துகினு கீது. செத்ததும் அதே ஊரு அயுவுது. இதுக்கோசரமே இந்த வேஷம் கட்டலாம் மச்சான்' என்று ஒரு தடவை நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது.

உனக்கு அது பெருமை. செல்விக்கு அது வயிற்றில் நெருப்பு. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து அவள் ஒரு படுகளத்துக்கும் வந்ததில்லை. புருஷன் உயிரோடு இருக்க, ஊரே கூடி அவனுக்கு ஒப்பாரி வைப்பதை நின்று பார்க்க என்னால் ஆகாது என்பாள். நீ திரும்பி வாசலில் கால் வைக்கிற வரைக்கும் அவள் அடுப்பு மூட்டியதில்லை. உனக்கு அது தெரியும். சிரிப்பாய்.

இப்போது தை மாசத்துக்கு வருகிறேன். உன்னை வாசலில் கிடத்தியிருந்தோம். பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து ஒப்பாரியை எடுத்தார்கள். செல்வி எழுந்து கையைக் காட்டினாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"நிறுத்துங்க. உசுரோட இருந்தப்பவே வருஷா வருஷம் அயுது முடிச்சிட்டீங்க இல்ல. இன்னும் இன்னா பாக்கி கீது?"

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "நீ அடிச்ச அடிதாண்ணா" என்றாள். அவ்வளவுதான். அன்றையிலிருந்து என்னோடு பேச்சு இல்லை.

மச்சான், எத்தனை வருஷம் நாம் ஆடியிருப்போம்? என் கதாயுதம் ஒரு தடவையாவது உன் மேல் பட்டிருக்குமா? நீ இடது தோளை இறக்கினால் நான் அடிக்கிறேன், நான் மூச்சை இழுத்தால் நீ விழுகிறாய். கண்ணாலேயே பேசிக்கொள்வோம். மேலே படாத அடிக்கும் ஒரு கணக்கு உண்டோ? ஆட்டோ ஓட்டும்போது, குளிக்கும்போது, சோற்றில் கை வைக்கும்போது எல்லாம் இதே யோசனை. அவள் துக்கத்தில் சொன்னாள் என்று ஒரு மனசு சொல்கிறது. சொன்னது என் தங்கச்சி ஆச்சே என்று இன்னொரு மனசு சொல்கிறது.

ஒருநாள் மாமல்லபுரத்தில் சவாரி இறக்கிவிட்டு, தபசுப் பாறைக்கு எதிரே சும்மா நின்றேன். ஒற்றைக்காலில் நிற்கிற அந்த முனிவரைக் காட்டி ஒரு கைடு, இது அர்ச்சுனன் என்றும் சொல்வார்கள், பகீரதன் என்றும் சொல்வார்கள் என்று வெள்ளைக்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். உன்னோடு அங்கே நின்ற நாள் நினைவுக்கு வந்தது. நீ அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து, எங்க ஊர் அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறுவான், மேலேயிருந்து எலுமிச்சம்பழம் வீசுவான், பிள்ளை வேண்டுகிறவர்கள் கீழே மடி ஏந்தி நிற்பார்கள், வந்து பாருங்கள் என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னாய். செல்வி ஏந்திய மடியில் ஒரு பழம் விழுந்துதான் உன் மகள் பிறந்தாள் என்றும் சொன்னாய். அவர்களுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. இருந்தும் கை தட்டினார்கள். அதை நினைத்துப் பாறைக்கு எதிரே நான் தனியாகச் சிரித்தேன். பிறகு அங்கேயும் நிற்க முடியாமல் வண்டியைக் கிளப்பினேன்.

பங்குனியிலேயே கோவிந்தசாமி வாத்தியாரிடம் இந்த வருஷம் பீமன் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நம் கூத்து செட்டை நடத்துகிறவர் அவர். சித்திரை வெயிலில் ஒருநாள் குடையோடு கேளம்பாக்கம் ஆட்டோ ஸ்டாண்டுக்கே வந்து நின்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பேசினார். அச்சரப்பாக்கம் பக்கத்திலிருந்து வேலு என்று ஒருவனை துரியோதனனுக்குப் பேசி வைத்திருக்கிறாராம். நல்ல குரல், நல்ல ஆட்டம், ஆனால் களத்தில் இறங்கினால் சாமி வந்துவிடும், நிதானம் இருக்காது. புது பீமன் ஒருத்தனை அவனுக்கு எதிரே விட்டால் ரெண்டு பேரில் ஒருத்தன் மண்டை உடையும் என்றார்.

"அடிக்கிறதுக்கு எவன வேணா கூட்டியாரலாம் ஏகாம்பரம். படாம அடிக்கிறதுக்கு நீதான் வரணும்."

முடியாது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அன்றைக்கு முழுக்க அந்த வார்த்தை கூடவே வந்தது. வேலுவுக்கு இப்போதுதான் கல்யாணம் ஆகியிருக்கிறது என்றும் சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் நானே போன் பண்ணி வருகிறேன் என்றேன்.

செல்வியிடம் சொல்லாமல் கட்ட மனசு வரவில்லை. போனேன். வாசலில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கேட்டாளா இல்லையா என்றே தெரியவில்லை. கருவாட்டையே திருப்பிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். கொடி ஏறுவதற்கு முன்னால் மகள் வீட்டுக்குச் செங்கல்பட்டு போய்விடுவேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தாள். ஏனோ போகவில்லை.

படுகளத்துக்கு முந்தின நாள் வேலு வந்தான். கூடவே அவன் பெண்டாட்டி கஸ்தூரி. தனியாக அனுப்பமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து வந்திருக்கிறாள். செட்டு ஆட்கள் தங்குவது பள்ளிக்கூடத்தில். அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் அந்தப் பெண்ணை எங்கே படுக்க வைப்பது? வாத்தியார் சம்சாரம், செல்வி தனியாகத்தானே இருக்கிறாள் என்று நினைத்து, நம்ம செட்டு ஆளோட பெண்டாட்டி, ஒரு ராத்திரி தங்கட்டும் என்று மட்டும் சொல்லி உன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். என்ன வேஷம் என்று சொல்லவில்லை. வேண்டுமென்றுதான் சொல்லவில்லையோ என்னவோ.

உன் வீட்டில் நடந்ததைக் கஸ்தூரிதான் பிறகு எனக்குச் சொன்னாள். சோறு போடும்போது செல்வி, உன் வூட்டுக்காரர் இன்னா வேஷம் என்று கேட்டிருக்கிறாள். துரியோதனன் என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாளாம். பிறகு, உனக்கு பயமா இல்லையா என்று கேட்டிருக்கிறாள்.

"பயம்தாங்க்கா. ஆனா அவரு வுயுந்தா பக்கத்துல நான் இருக்கணும் இல்ல" என்றாளாம் கஸ்தூரி.

செல்வி மறுபடி கரண்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாளாம்.

மறுநாள் காலை. வெயில் ஏறிவிட்டது. இந்த வருஷக் கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கல்பாக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய அபார்ட்மெண்ட்காரர்கள் மொட்டை மாடியில் வரிசையாக நின்றார்கள். ஒரு பொடியன் கையில் அட்டை கதாயுதம்கூட இருந்தது. வேலு இடுப்பில் கயிறு கட்டி ஆட்கள் பிடித்திருக்க, தெருத்தெருவாக ஓடி வந்தான். கிரீடத்துக்குக் கீழே அவன் கண்ணைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. உன்னோடு ஆடும்போது எனக்கு எதிரே எப்போதும் நீ இருந்தாய். அவனுக்குள்ளே அன்றைக்கு ஆளே இல்லை.

மண் உடம்பின் மேல் ஏறினோம். சுற்றி வரும்போது பெண்கள் கூட்டத்தில் செல்வியைப் பார்த்தேன். கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதாயுதம் பாதியில் நின்றது. அதற்குள் வேலு வீசிய அடி என் காதை உரசிக்கொண்டு வந்து மணிக்கட்டில் இறங்கியது. வாத்தியார் தாளத்தைத் தட்டி, பாட்டை ஒரு பிடி மேலே எடுத்தார். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு உடம்பு திரும்பி வந்தது. அவன் தோளைப் பார்க்கவில்லை. பார்த்துப் பிரயோஜனம் இல்லை. காலைப் பார்த்தேன். அவன் ஒரு அடி பின்னால் வைத்த நேரம், முழு பலத்தோடு மண் தொடையில் போட்டேன். பானை உடைந்தது. அவன் அதன் மேல் விழுந்தான். அவன் மேல் ஒரு கீறல் இல்லை மச்சான். அதை உன்னிடம்தான் சொல்லிக்கொள்ள முடியும்.

அம்மன் வந்து கூந்தல் முடிந்தாள். குலவை அடங்குவதற்குள் பெருந்திருவாள் வேஷக்காரர் ஒப்பாரிக்குத் தொண்டையைச் செருமினார். அவருக்கு முன்னால் செல்வி நடந்து வந்துவிட்டாள். புருஷன் போய் வருஷம் திரும்பாதவள் களத்தில் இறங்கலாமா என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அவள் வேலுவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

அவள் ஒப்பாரி பாடவில்லை. பேசினாள். "சோடா கேட்டியாமே. வூடு கிட்டத்தானே இருந்துச்சு. என்னைக் கூப்ட்டிருந்தா ஓடியாந்திருக்க மாட்டேனா? ஒரு நாளு கூட நீ வுயுந்து கெடந்தப்ப நான் பக்கத்துல இல்லியே." இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்போதுதான் அழுதாள். தை மாசத்திலிருந்து அழாதது எல்லாம் வந்தது. பெண்கள் யாரும் மாரடிக்கவில்லை. மெல்ல வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

பிறகு எழுப்புதல். களத்தின் மறுபக்கம் பாண்டவர் பிள்ளைகளாக நம் ஊர் ஆட்கள் வெள்ளைத் துணி மூடிப் படுத்திருப்பார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாட்டையை ஓங்கிச் சுழற்றி, ஒவ்வொருவராக உயிர் கொடுத்து எழுப்புவார். ஊர் மொத்தமும் அந்தப் பக்கம் ஓடிவிடும். துரியோதனனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நீ தானாக எழுந்து, கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு நடந்துவிடுவாய்.

வேலு எழவில்லை. உதடு வெளுத்துக் கிடந்தான். கஸ்தூரி அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அங்கிருந்தே பூசாரியைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பசங்கள எல்லாம் எயுப்புறீங்க. இவர யாரு எயுப்புறது?"

கூட்டம் திரும்பியது. பூசாரி தயங்கினார். அது வழக்கம் இல்லம்மா, அவன் துரியோதனன் ஆச்சே என்றார்.

"வேஷம்தான் துரியோதனன். படுத்துக் கெடக்கிறது இவ புருஷன்."

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். கதாயுதத்தை மண்ணில் போட்டேன். பீமன் கிரீடத்தோடேயே நடந்து போய்ப் பூசாரி கையிலிருந்த செம்பைக் கேட்டேன். அவர் மறுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. நான்தான் எடுத்துக்கொண்டேன். செல்வியிடம் நீட்டினேன். அவள் வாங்கிக் கஸ்தூரியிடம் கொடுத்தாள். கஸ்தூரி அவன் முகத்தில் தெளித்தாள். நான் குனிந்து கை கொடுத்துத் தூக்கினேன். வேலு கண்ணைத் திறந்து என் முகத்தையே பார்த்தான். முடிஞ்சிச்சாண்ணா என்றான். முடிந்தது என்றேன். மொட்டை மாடியில் யாரோ கை தட்டினார்கள். கீழே ஒருத்தரும் தட்டவில்லை.

சாயங்காலம் தீமிதி நல்லபடியாக நடந்தது. அதற்கு முன்னால் செல்வி என் பக்கத்தில் வந்து நின்றாள். என் மணிக்கட்டைப் பார்த்தாள். "வீங்கிகினு கீது. மஞ்ச பத்து போடு" என்றாள். இத்தனை மாசத்துக்கு அப்புறம் அவள் என்னிடம் பேசினது அவ்வளவுதான். அன்றைக்குச் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டாளா? தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஊர் இப்போது இரண்டாகப் பேசுகிறது. துரியோதனனை எழுப்பினால் சண்டை முடியவே இல்லை என்று ஆகிறது, அம்மன் கூந்தல் முடிந்ததற்கு என்ன அர்த்தம் என்கிறார்கள் ஒரு பக்கம். அதுவும் யோசிக்க வேண்டிய கேள்விதான். வேஷம் கட்டுகிறவன் நம் வீட்டுப் பிள்ளை, அவனை அப்படியே போட்டுவிட்டுப் போவது என்ன நியாயம் என்கிறார்கள் இன்னொரு பக்கம். பெண்கள் மொத்தமும் இந்தப் பக்கம். ஆடி மாசம் கோயிலில் கூடிப் பேசப்போகிறார்கள். வாத்தியார் வாயே திறக்கவில்லை. என்னைப் பார்க்கும்போது மட்டும் லேசாகச் சிரிக்கிறார்.

இதெல்லாம் சரி மச்சான். என்னை உட்கார விடாமல் அடிக்கிறது வேறு ஒன்று. அத்தனை வருஷம் நீ விழுந்து கிடந்தபோது, மற்றவர்களை எழுப்புகிற சத்தம் உனக்குக் கேட்டிருக்குமே. அப்போது என்ன நினைத்தாய்? யாராவது வருவார்கள் என்று ஒரு நிமிஷமாவது கண்ணை மூடிக் காத்திருந்தாயா? இல்லை, வெயில் சுடுகிறது, டீ குடிக்கலாம் என்றுதான் எழுந்து வந்தாயா? உன்னைக் கேட்டால் ரெண்டாவதைச் சொல்லிச் சிரிப்பாய். எனக்கு நம்பிக்கை வராது.

ஆடியில் ஊர் எப்படி முடிவு எடுத்தாலும் சரி. நான் முடிவு எடுத்துவிட்டேன். என் உடம்பில் கதாயுதம் தூக்கத் தெம்பு இருக்கிற வரைக்கும் பீமன் கட்டுவேன். உன் வேஷத்தை வேலு கட்டினாலும், வேறு யார் கட்டினாலும், படாமல் அடிப்பேன். அடித்த கையாலேயே தூக்கிவிடுவேன். அதற்கு ஊர் இடம் கொடுக்காவிட்டால், அடிக்கவும் மாட்டேன். உன் செல்வி களத்தில் நின்று பார்ப்பாள். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் மச்சான்,
செல்விக்கு அண்ணன்,
ஏகாம்பரம்